பேசப் பழகுவதும் எழுதப் படிப்பதும் யாருக்காக?



தோட்டத்தில் மாலை வகுப்பு ஆரம்பிக்கிற முதல் நாள் பிள்ளை மடுவத்தில் உட்கார இடமிருக்காது. இரண்டாம் கிழமை பாதிப் பேர். மூன்றாம் கிழமை மழை பெய்தால் நாலு பேர், பெய்யாவிட்டால் ஆறு பேர். நலன்புரி உத்தியோகத்தர்களாகிய நாம் பல வருடமாகப் பார்த்து வருகிற விசயம் இது. "ஜனங்களுக்கு அக்கறை இல்லை" என்று சிலர் சொல்வார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். விடிய நாலரைக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பிரட்டுக்குப் போய், மழையிலும் வெயிலிலும் கொழுந்து எடுத்து, பின்னேரம் நிறுத்துக் கொடுத்து, தண்ணியும் விறகும் கொண்டு வந்து சேர்க்கிற ஒரு பெண்ணிடம் "மொழியறிவு நல்லது, வகுப்புக்கு வாங்க" என்றால் அவர் எதற்காக வர வேண்டும்? அந்தக் காரணம் நம்முடையது. அவருடையது அல்ல.

வகுப்பில் கடைசி வரை நின்ற ஆட்களைப் பார்த்தால் ஒரு விசயம் விளங்கும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருந்தது. பெரிய இலட்சியம் ஒன்றுமில்லை. சின்னக் காரணம்தான், ஆனால் சொந்தக் காரணம்.

ஒரு அக்காவுக்குப் பாடசாலையிலிருந்து மகள் ஒரு துண்டு கொண்டு வந்தது. பிள்ளைக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை, கண்ணைக் காட்டுங்கள் என்று ஆசிரியை எழுதியிருந்தார். அக்கா அதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அடுத்த நாள் லயம் முழுக்க, "அவங்க மகளுக்குக் கண்ணு தெரியாதாம்" என்று பேச்சு. "என் வீட்டு விசயத்தை இனிமே என் கண்ணாலதான் வாசிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு அவர் வகுப்புக்கு வந்தார். இன்னொரு தாத்தாவுக்குக் கொழும்பில் வேலை செய்கிற பேரன் ஒரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்திருந்தான். யார் கூப்பிடுகிறார்கள் என்று பேரைப் பார்த்து அறிய வேண்டும், தானாகவே பேரைப் பார்த்து அழுத்த வேண்டும், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தேவையில்லை. மூன்று மாதத்தில் அவருக்கு அது வந்துவிட்டது. அதோடு நின்றும் விட்டார். அதில் தவறில்லை என்பதே எமது எண்ணம்.

ஆகவே இந்தப் பாடத்தில் முதலில் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். கடந்த ஒரு வருடத்தில் வாய் திறக்க முடியாமல் நின்ற இடம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வைத்தியசாலையா, கச்சேரியா, பாடசாலையில் பெற்றார் கூட்டமா, கொழுந்து நிறுக்கிற இடமா, பஸ்ஸா? அந்த இடத்தில் என்ன சொல்ல நினைத்தீர்கள்? எது சொல்ல முடியாமல் போயிற்று? உங்கள் பாடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

நாம் பேசத் தயங்குவதற்கு ஒரு வரலாறும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் "நமக்குக் கூச்சம்" என்று மட்டும் சொல்வது சரியாகாது. 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள். அடுத்த வருடம், 1949-ல் வந்த இன்னொரு சட்டத்தின்படி பிரஜாவுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. 1946-ம் ஆண்டுக்கு முன் கலியாணமானவர்கள் ஏழு வருடமும் கலியாணமாகாதவர்கள் பத்து வருடமும் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததை எழுத்து மூலம் நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பத்திரமே இல்லாத ஆட்கள் அதற்கு எங்கே போவார்கள்? எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போனதில் ஏறத்தாழ 134,000 பேருக்கே கிடைத்தது. 2003-ம் ஆண்டின் 35-ம் இலக்கச் சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவர்களுக்கு வழி பிறந்தது. நமது தாத்தாமாரும் பாட்டிமாரும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் கைநாட்டு வைத்து, அந்தத் தாளை நம்பியே காலம் கழித்தவர்கள். கச்சேரிப் படி ஏறும்போது இன்றைக்கும் நமக்குக் கால் தயங்குகிறதென்றால் அது சும்மா வந்ததல்ல.

ஆனாலும் சட்டம் இப்போது அன்றைய மாதிரி இல்லை. 1956-ல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். 1987-ல் வந்த 13-ம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1988-ன் 16-ம் திருத்தம் இன்னும் ஒரு படி போகிறது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கிற இடத்திலும் ஒருவர் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம். 1999-ல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழியிலும் நிர்வாகம் நடத்த வேண்டிய பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. நடைமுறையில் எல்லா மேசையிலும் தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்றால், இல்லை. இருந்தாலும் "தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேட்பது நாம் கேட்கிற தயவு இல்லை. அதைத் தெரிந்துகொண்டு கேட்கிறபோது குரலே வேறு மாதிரி வரும்.

இனி பாடத்துக்கு வருவோம்.

முதலாவது, வைத்தியரிடம் பேசுவது. நமது ஆட்களிடம் "என்ன செய்யுது?" என்று கேட்டால், "மேலுக்குச் சுகமில்லீங்க" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது. வைத்தியர் ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறவர். அவருக்கு நமது முகத்தைப் பார்த்து நோய் சொல்கிற சாத்திரம் தெரியாது. ஆனால் வீட்டில் நாம் எப்படிப் பேசுகிறோம்? குத்துது, இழுக்குது, உளையுது, எரியுது, கடுக்குது, விண் விண்ணென்று தெறிக்குது, மதமதன்னு இருக்குது என்று எத்தனை விதமாகச் சொல்கிறோம்! ஒவ்வொன்றும் வைத்தியருக்கு ஒவ்வொரு தகவல். நெஞ்சு எரிகிறது என்பதும், நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருந்து இடது கைக்கு இழுக்கிறது என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது ஆளை உடனே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இரண்டு பேரும் "சுகமில்லை" என்று மட்டும் சொன்னால் இரண்டு பேருக்கும் ஒரே குளிசைதான் கிடைக்கும்.

ஆகவே வரிசையில் நிற்கும்போதே மனதுக்குள் ஐந்து விசயத்தைச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில்? எப்போதிருந்து? எப்படிப்பட்ட வலி? என்ன செய்தால் கூடுகிறது? ஏற்கனவே என்ன மருந்து சாப்பிடுகிறோம்? ஒரு அம்மா பேசுகிற மாதிரி எழுதிக் காட்டுகிறோம்:

"டொக்டர் ஐயா, வலப்பக்கம் விலாவுக்குக் கீழே குத்துதுங்க. போன செவ்வாக்கிழமையிலிருந்து. எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டா கூடுது. ராத்திரி ஒரு தடவை வாந்தி எடுத்தேன். பிரசருக்கு ஒரு குளிசை சாப்பிடுறேன், இந்தாங்க அட்டை."

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். படித்தவர்கள் மட்டும் பேசுகிற பேச்சும் இல்லை இது. சொல்கிற ஒழுங்குதான் வித்தியாசம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு மறைக்கிற நோய்கள் இருக்கின்றன. மாதப்போக்கு அதிகமாகப் போவது, வெள்ளைபடுதல், மார்பில் கட்டி. ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாயிருந்தால், "மிஸ், உங்ககிட்ட தனியா ஒன்னு சொல்லணும்" என்று தாதியிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முதலில் பழகினால் போதும். மார்புக் கட்டியை ஒரு வருடம் மறைத்து வைத்துவிட்டுக் கடைசியில் சொன்ன ஒருவரை நாம் அறிவோம். அதை இங்கே விரித்து எழுத விருப்பமில்லை.

இரண்டாவது, அவசரத்தில் தொலைபேசியில் பேசுவது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் 2016-ல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்துப் பிறகு நாடு முழுவதற்கும் வந்த இலவச சேவை. தோட்டத்தில் நமக்குள்ள கஷ்டம் அழைப்பது அல்ல, இடம் சொல்வது. நமது தோட்டங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் இருக்கும். நாம் தமிழில் கூப்பிடுகிற பேர் ஒன்று, தோட்டத்துப் பலகையிலும் வரைபடத்திலும் இருக்கிற பேர் இன்னொன்று. "கோயிலுக்குப் பின்னால கீழ்க்கணக்கு" என்றால் நமக்கு விளங்கும், அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு எப்படி விளங்கும்? மாவட்டம், பக்கத்து ரவுண், பலகையில் உள்ள தோட்டத்தின் பேர், பிரிவு, பெரிய றோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்ற ஒழுங்கில் சொல்ல வேண்டும். அதன் பிறகு நோயாளியின் வயது, மூச்சு இருக்கிறதா, பேசுகிறாரா. "வண்டி திரும்புற இடத்தில் ஒரு பையன் டோர்ச் வச்சிக்கிட்டு நிப்பான்" என்று சொல்லி, ஒரு பையனை உண்மையாகவே அனுப்பி வையுங்கள். தொலைபேசியை முதலில் நீங்கள் வைக்காதீர்கள், அவர்கள் கேட்டு முடியட்டும். இந்த விபரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு லயத்திலும் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தால் நல்லது. பதட்டத்தில் தெரிந்த பேரும் மறந்து போகும்.

மூன்றாவது, எழுத்து. பேசியது காற்றோடு போகும், எழுதியது கோவையில் இருக்கும். தோட்ட மக்களுக்கு இது அதிகமாக உறைக்கிற இடம் ஊழியர் சேமலாப நிதி. 1958-ம் ஆண்டின் 15-ம் இலக்கச் சட்டப்படி நமது சம்பளத்தில் நூற்றுக்கு 8-ம், தொழில் கொடுப்பவர் நூற்றுக்கு 12-ம் அதில் சேர வேண்டும். 1980-ம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 தனி. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். முப்பது வருடம் மலையில் உழைத்த காசு அது. அந்தக் காசு ஒரு எழுத்தில் நின்று போகிற கதை நமது தோட்டங்களில் எத்தனை!

எப்படி நிற்கிறது? பிறந்தபோது வைத்த பேர் செல்லம்மாள். செக்றோலில் ஏறினபோது கூப்பிடுகிற பேர் செல்லாயி. அடையாள அட்டைக்கு எழுதினவர் இன்னொரு மாதிரி எழுதினார். தமிழ்ப் பேரை இங்கிலீஷ் எழுத்தில் எழுதும்போது ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதுவார்கள். கலியாணத்துக்கு முன்னால் தகப்பன் பேர், பின்னால் புருசன் பேர். கடைசியில் காசு எடுக்கப் போனால், "இது ரெண்டு ஆள் மாதிரி இருக்கே" என்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு இதற்காக அலைவது மகா தொல்லை. வேலை செய்யும் காலத்திலேயே கணக்குக் கூற்றை வாங்கிப் பாருங்கள். பேர், அடையாள அட்டை இலக்கம், உறுப்பினர் இலக்கம் மூன்றும் சரியா? சரியில்லை என்றால் முதலில் தோட்டத்துக் காரியாலயத்தில் சொல்லுங்கள். சொன்னதோடு நிற்காமல் தொழில் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

முழுப்பெயர், வீட்டு இலக்கம், பிரிவு, தோட்டம், தபாலகம்.
திகதி.

உதவித் தொழில் ஆணையாளர்,
மாவட்டத் தொழில் அலுவலகம்.

ஐயா / அம்மணி,

சேமலாப நிதிப் பதிவில் பெயர் வித்தியாசம்

நான் மேற்படி தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. எனது உறுப்பினர் இலக்கம் ........ அடையாள அட்டை இலக்கம் ........ அடையாள அட்டையில் எனது பெயர் ........ என்றும், சேமலாப நிதிக் கூற்றில் ........ என்றும் உள்ளது. இரண்டும் நானே. இதைத் திருத்த என்னென்ன பத்திரங்களை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று தமிழில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அடையாள அட்டையின் பிரதியும் கூற்றின் பிரதியும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
கையொப்பம்.

இவ்வளவுதான். குடும்பக் கஷ்டம், புருசன் குடிக்கிற கதை, பிள்ளை படிக்கிற கதை ஒன்றும் இதில் வேண்டாம். நமது ஆட்கள் ஒரு கடிதத்தில் எல்லாத் துன்பத்தையும் எழுதிவிட்டு, கேட்க வந்ததைக் கடைசி வரியில் எழுதுவார்கள். சில வேளை எழுத மறந்தும் விடுவார்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு விசயம். மூலப் பத்திரத்தை அனுப்பாதீர்கள், பிரதியை அனுப்புங்கள். பதிவுத் தபாலில் போட்டு, அந்தத் துண்டையும் கடிதத்தின் பிரதியையும் ஒரு கோவையில் வையுங்கள்.

பதில் வராவிட்டால்? 2016-ம் ஆண்டின் 12-ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எனது கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று அரசாங்க அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் எடுப்பது அந்த உத்தியோகத்தரின் கடமை என்றும் சட்டத்தில் உண்டு. எழுதத் தெரியாது என்பதற்காக யாரும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

நாலாவது, சிங்களம். "நமக்கெதுக்கு?" என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. தமிழில் பதில் பெற உரிமை இருக்கிறதென்று மேலே நாமே எழுதினோம். அந்த உரிமையைக் கேட்பதற்கும் பஸ்ஸில், கடையில், வைத்தியசாலை வாட்டில் காரியம் பார்ப்பதற்கும் நாலு சிங்களச் சொல் உதவும். இளைஞர்கள் ரவுணுக்கு வேலைக்குப் போய் ஆறு மாதத்தில் சரளமாகப் பேசுகிறார்கள், தாய்மார்தான் வாய் மூடி நிற்கிறார்கள். மூன்று வாக்கியத்தோடு தொடங்குங்கள். "மட்ட தேருணே நே" என்றால் எனக்கு விளங்கவில்லை. "ஹெமின் கியன்ன" என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். "ஆயெத் கியன்ன" என்றால் திரும்பச் சொல்லுங்கள். வலிக்கிறது என்பதற்கு "ரிதெனவா", எரிகிறது என்பதற்கு "தனவா". விளங்காததற்கெல்லாம் "ஹரி, ஹரி" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து பக்கத்தில் நிற்கிறவரிடம் "என்னா சொன்னாங்க?" என்று கேட்கிற பழக்கத்தை இந்த மூன்று வாக்கியமும் போக்கிவிடும்.

இன்னொரு விசயத்தையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு பெண் வாய் திறந்து கேட்டால் "வாயாடி" என்று பேர் வைக்கிறார்கள். இதைப் பயந்தே பலர் பேசாமலிருக்கிறார்கள். கோ. நடேச ஐயரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிற்சங்க மேடைகளில் ஏறிப் பாடியும் பேசியும் தோட்ட மக்களைக் கூட்டியது 1930களில். பெண்கள் மேடைப் பக்கமே போகாத காலம் அது. அவரை இன்றைக்கு யாரும் வாயாடி என்று சொல்வதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கில் சந்தேகம் வந்தால் சத்தம் போடத் தேவையில்லை. மௌனமாக முணுமுணுத்துக்கொண்டு போகவும் தேவையில்லை. ஒரு சின்னக் கொப்பியில் தினமும் திகதியும் கிலோவும் எழுதி வைத்துக்கொண்டு, "கணக்கப்பிள்ளை ஐயா, பன்னிரண்டாம் திகதி எனக்குப் பதினெட்டு கிலோ, செக்றோல்ல பதினாறுன்னு இருக்குது, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கலாம். திகதியும் எண்ணும் கையில் இருந்தால் மரியாதையாகவே உறுதியாகக் கேட்கலாம். பதிவு சரியாக இருந்து நமது கொப்பி பிழையாக இருக்கவும் கூடும். அப்போது "சரிங்கய்யா" என்று திருத்திக்கொள்வதில் நட்டமில்லை.

கொப்பி எழுத எண் தெரிந்தால் போதும், எழுத்தெல்லாம் பிறகு வரும். எழுத்துப் பழகுகிறவர்கள் முதலில் சொந்தப் பேரையும், அடுத்துப் பிள்ளைகளின் பேரையும், அதற்கடுத்துத் தோட்டத்தின் பேரையும் பழகுங்கள். அரிச்சுவடியை அகரத்திலிருந்து ஒழுங்காக முடித்த பிறகுதான் மற்றது என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பெரியவர்களுக்கு அது அலுப்புத் தட்டும். தேவையான சொல்லை எழுதிப் பழகும்போது எழுத்தும் கூடவே வந்து சேரும்.

இந்த மாதப் பயிற்சி இரண்டு. கதவுக்குப் பின்னால் ஒட்டுவதற்கு உங்கள் லயத்தின் முகவரித் துண்டை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, பாடசாலைப் பிள்ளை எழுதட்டும். பிறகு இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் 1990-ல் பதில் சொல்கிறவராகவும் மற்றவர் அழைப்பவராகவும் பேசிப் பாருங்கள். கேட்கிறவர் இந்தத் தோட்டத்தையே தெரியாதவர் போலக் கேட்க வேண்டும், சிரிக்கக்கூடாது.

அடுத்த வகுப்புக்கு வரும்போது அடையாள அட்டையையும், வீட்டில் பெட்டிக்குள் கிடக்கிற சேமலாப நிதிக் கூற்றையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பார்ப்போம். வித்தியாசம் இருக்கிறவர்களுக்கு அங்கேயே கடிதம் எழுதுவோம். கைநாட்டு வைக்கிறவர்களும் வரலாம், மை நாம் கொண்டு வருகிறோம்.